எண்பது வருஷக் கணக்கு

2025 மே 8-ஆம் தேதி இரவு. காவேரிப்பட்டணத்தில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் கூடியிருந்தோம். தோப்புக் குத்தகையைப் பற்றிப் பேசத்தான் போனோம், ஆனால் யாருக்கும் மாங்காய் ஞாபகமே வரவில்லை. உள்ளே இருந்த டி.வி.யை ஜன்னலுக்கு நகர்த்தி வெளியே பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்று பதினாறு நாள் ஆகியிருந்தது. முந்தின நாள் விடியலுக்கு முன்னால் நம் படைகள் எல்லைக்கு அப்பால் தாக்கியிருந்தன. திரையில் கருத்த வானமும் அதில் சீறி ஓடும் வெளிச்சக் கோடுகளும். என் அக்கா மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான், 23 வயது. பக்கத்தில் நகர்ந்து வந்து போனை நீட்டினான். "மாமா, இதப் பாருங்க. நீங்க சொன்னதுதான், அப்படியே வந்துருச்சு." படத்தில் ஒரு சக்கரம். விளிம்பில் 1775, 1861, 1941, 2025 என்று ஆண்டுகள். நடுவில் ஆங்கிலத்தில் 'போர்' என்று ஒரே சொல்.

நான் சொன்னதுதான். இரண்டு வருஷமாக வீட்டு விசேஷங்களிலும் டீக்கடையிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இரவு என்னை உறுத்தியது அவன் குரல். அதில் பயம் இல்லை, போட்ட கணக்குக்குச் சரியான விடை வந்துவிட்ட நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை அவனுக்குக் கொடுத்தவன் நான். அன்று தொடங்கிய உறுத்தல் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதை எழுதிப் பார்க்கிறேன்.

சக்கரம் எனக்குப் பிடித்த காரணம்

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. வில்லியம் ஸ்ட்ராஸ், நீல் ஹோவ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1990-களில் முன்வைத்த கருத்து இது. ஒரு சமூகத்தின் வரலாறு ஒரு நீண்ட மனித ஆயுளின் அளவுக்கு, அதாவது 80 முதல் 90 ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு சுற்று வருகிறது. ஒரு சுற்றுக்குள் இருபது இருபத்திரண்டு ஆண்டுகள் கொண்ட நான்கு பருவங்கள். பெரிய நெருக்கடிக்குப் பின் கட்டுக்கோப்பான காலம், அதைக் கேள்வி கேட்கும் விழிப்புக் காலம், அமைப்புகள் தளரும் காலம், மறுபடி நெருக்கடி. அமெரிக்க விடுதலைப் போர் முடிந்த 1783-க்கும் உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-க்கும் இடையில் 78 ஆண்டு. அது முடிந்த 1865-லிருந்து அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கிய 1941 வரை 76. கடைசிப் போரைக் கண்ணால் பார்த்தவர்கள் செத்து முடியும் நேரத்தில் அடுத்தது வருகிறது என்பது சாரம். அவர்களுக்கு 600 வருஷம் முன்னாலேயே, 1377-இல், அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் இதன் தாத்தாவைப் போன்ற ஒன்றை எழுதியிருக்கிறார். ஓர் அரச மரபுக்கு மூன்று தலைமுறைதான் ஆயுள், தலைமுறைக்கு 40 ஆண்டு, ஆக 120. முதல் தலைமுறை பாலைவனத்துக் கடுமையில் உருவானது, இரண்டாவது அதைக் கண்ணால் பார்த்தது, மூன்றாவது மறந்தேபோனது.

இது என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் புத்தகம் இல்லை, எங்கள் வீடு. பாட்டி வீட்டில் ஒரு குதிர் ராகி எப்போதும் திறக்கப்படாமல் இருக்கும். மழை எப்படிப் பெய்தாலும் அடுத்த அறுப்பு வீட்டுக்குள் வந்து சேரும்வரை அதில் கை வைக்க விடமாட்டார். பஞ்சத்தில் சின்னப் பிள்ளையாக இருந்தவர். அம்மா அதே குதிரைப் பாதி அளவுக்கு நிரப்பி வைத்திருந்தார், ஏன் என்று கேட்டால் "அத்தை வச்சாங்க, நானும் வைக்கிறேன்" என்பார். இப்போது அந்த இடத்தில் வாஷிங் மெஷின் நிற்கிறது. மூன்று தலைமுறையில் ஒரு பயம் எப்படித் தேய்ந்து மறைகிறது என்பதை நான் ஒரே மூலையில் பார்த்திருக்கிறேன். அதனால் போரும் அப்படித்தான் என்று சொன்னவர்களைச் சட்டென்று நம்பினேன். இன்றும் அந்தக் கருத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இளமையில் ஒருவன் பார்த்தது அவன் சாகும்வரை அவன் கண்ணாடியாக இருக்கும் என்று சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928-இல் எழுதியதும் இதன் பக்கத்தில் வைக்க வேண்டியதுதான்.

நாள்காட்டித் தாளின் பின்பக்கம்

நான் கணக்கெழுதுகிறவன். ஒரு எண் சரியாக வரவில்லை என்றால் தூக்கம் வராது. அந்த இரவு வீடு திரும்பியதும் கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பக்கத்துப் பக்கத்து நாடுகளின் போர்களை வரிசையாக எழுதினேன். சக்கரத்தை உருவாக்கியவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுக்கு வடக்கே கனடா, தெற்கே மெக்சிகோ, இரண்டு பக்கமும் கடல். அவர்கள் சந்தித்த பெரும் போர்களில் பல கப்பலேறிப் போய்ச் சண்டை போட்டவை. வேலிக்கு அந்தப் பக்கம் எதிரி குடியிருக்கும் நாட்டுக்கு அதே கணக்கு வருமா என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை.

இந்தியாவும் பாகிஸ்தானும்: 1947, 1965, 1971, 1999, பிறகு 2025. இடைவெளி 18, 6, 28, 26. எதுவும் எண்பதுக்குப் பக்கத்தில் வரவில்லை. 1999-இல் கார்கிலுக்கு ஆள் அனுப்பிய தளபதி முஷாரஃப் 1965 போரில் இளம் அதிகாரியாகக் களத்தில் இருந்தவர். மறந்துபோன தலைமுறை என்று அவரைச் சொல்ல முடியாது. ஜெர்மனியும் பிரான்ஸும்: 1870, 1914, 1939. முதல் உலகப் போர் முடிந்து 21-ஆம் வருஷம் மறுபடி. தொடங்கியவர் அந்தப் போரின் அகழியில் கிடந்த சிப்பாய். எதிர்ப்பக்கத்தில் 1940-இல் ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்ன பெத்தேன், 1916-இல் வெர்டுன் கோட்டையைக் காத்த நாயகன். இரண்டு பேருக்கும் ஒரே போர்தான் ஞாபகம். ஒருவரை அது பழிவாங்கத் தூண்டியது, மற்றவரை இனி வேண்டாம் என்று மண்டியிட வைத்தது. ஈராக் எட்டு வருஷம் ஈரானோடு சண்டை போட்டு 1988-இல் ஓய்ந்தது, 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி குவைத்துக்குள் போனது. அந்தப் போருக்கு வாங்கிய கடனே இந்தப் போருக்கு ஒரு காரணம். ரத்தம் காயவே இல்லை, மறப்பது எங்கே. வியட்நாம் முப்பது வருஷம் வேறு வேறு படைகளோடு போராடி 1975-இல் ஓய்ந்தது. 1978 டிசம்பரில் கம்போடியாவுக்குள் நுழைந்தது, 1979 பிப்ரவரியில் சீனா அதன் மேல் பாய்ந்தது. உலகத்திலேயே போரின் விலை நன்றாகத் தெரிந்த மக்கள் அவர்கள்.

சீனாவோடு நம் கணக்கு மட்டும் கொஞ்சம் சக்கரத்துக்கு ஒத்துவருவதுபோல் இருந்தது. 1962, 1967-இல் நாதுலா, 1975-இல் ஒரு துப்பாக்கிச் சூடு, அதன்பின் 45 ஆண்டு எல்லையில் ஒரு சாவும் இல்லை, 2020 ஜூனில் கல்வானில் 20 பேர். ஆனால் அங்கேதான் இன்னொரு சிக்கல் கண்ணில் பட்டது. நமக்கு 1962 ஆறாத காயம், பள்ளிக்கூடத்திலேயே வலியோடு படித்தது. அங்கே பெரிய ஞாபகம் 1937-இலிருந்து 1945 வரை ஜப்பான் செய்தது, அதற்குப் பின் கொரியப் போர். ஒரே சண்டைக்கு வேலியின் இரண்டு பக்கமும் இரண்டு வெவ்வேறு கடிகாரம் ஓடுகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து மறக்க வேண்டும் என்றோ சேர்ந்து நினைக்க வேண்டும் என்றோ விதி இல்லை. அப்படியிருக்க எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எண்பதை எண்ணுவது?

சரியாக வருவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவது எவ்வளவு சுலபம் என்பதும் அன்று புரிந்தது. அக்கா மகனுக்கு 14 வயதில், 2016 செப்டம்பரில், காவிரிக் கலவரத்தின்போது பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிந்தன. பஸ் நின்றுபோய் அத்திப்பள்ளியிலிருந்து ஜுஜுவாடி வரைக்கும் மூட்டையோடு நடந்து வந்தவர்களை அவன் பார்த்திருக்கிறான். அதற்கு முந்தின பெரிய கலவரம் 1991-இல். 25 வருஷம், சரியாக ஒரு தலைமுறை என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். 2002-ஐயும் 2012-ஐயும் அப்போது நான் எண்ணவில்லை. அவை கணக்கைக் கெடுத்தன, அதனால் கண்ணில் படவில்லை.

சையத் பாஷா மலை

சனிக்கிழமைக்காகக் காத்திருந்து, காலையில் கிருஷ்ணகிரிக் கோட்டைமேல் ஏறினேன். வெயிலுக்கு முன்னால் ஏறிவிட வேண்டும், பாறை காய்ந்துவிட்டால் கால் வைக்க முடியாது. மேலே போனால் அணை ஒரு பக்கம் வெள்ளித் தட்டுபோல் தெரியும், நெடுஞ்சாலைகள் ஊரைச் சுற்றி ஒன்றையொன்று கடந்து போகும். எல்லோரும் அதைப் படம் எடுப்பார்கள். நான் அன்று பார்த்தது வேறு. இந்த மலை, தெற்கே காவேரிப்பட்டணம், மேற்கே இராயக்கோட்டை, அதற்கும் அப்பால் ஓசூர், தென்மேற்கே பென்னாகரம் எல்லாம் ஒரு காலத்தில் இரண்டு நாடுகளின் வேலிமேல் உட்கார்ந்திருந்த ஊர்கள். பன்னிரண்டு கோட்டை என்று பொருள்படும் பாராமகால். ஒரு பக்கம் மைசூர், இன்னொரு பக்கம் சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கும்பெனி.

1767-இல் முதல் போர். ஹைதர் வந்து காவேரிப்பட்டணத்தைப் பிடித்தார். அடுத்த வருஷம் கும்பெனிப் படை இந்தக் கிருஷ்ணகிரிக் கோட்டையை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டு வாங்கியது, 1769 உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்தது. 1780-இல் இரண்டாவது. 1790-இல் மூன்றாவது. 1791-இல் ஓசூரும் இராயக்கோட்டையும் கும்பெனி கைக்குப் போயின. அதே வருஷம் நவம்பரில் கும்பெனித் தளபதி மேக்ஸ்வெல் இந்தக் கிருஷ்ணகிரி மலைமேல் ஏறப் பார்த்துத் தோற்றுத் திரும்பினார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் முழுவதும் கும்பெனிக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடு வந்து நிலம் அளந்தார், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ. 1799-இல் நான்காவது, இந்த வழியாகத்தான் ஹாரிஸின் படை மைசூருக்குள் இறங்கியது. மே 4-ஆம் தேதி திப்பு விழுந்தார்.

32 ஆண்டுக்குள் நான்கு போர். இடைவெளி 13, 10, 9. திப்பு முதல் போரில் குதிரையேறியபோது பதினாறு பதினேழு வயதுப் பையன், நான்காவதில் ஐம்பதை எட்டாத வயதில் செத்தார். நான்கையும் ஒரே ஆள் பார்த்தார், நடத்தினார். காவேரிப்பட்டணத்தில் அவர் வயதுக்காரன் ஒரு குடியானவன் இருந்திருப்பான். அவனும் நான்கையும் பார்த்திருப்பான், ஆனால் ஒன்றையும் நடத்தியிருக்க மாட்டான். இந்த வித்தியாசம் மலைமேல் நிற்கும்போது எனக்கு உறைக்கவில்லை. அங்கே நான் பார்த்தது எண்களை மட்டும். அது உறைத்தது அன்று சாயங்காலம், பெரியப்பாவிடம்.

சாம்பா

பெரியப்பாவை ஊரில் பட்டாளத்துக்காரர் என்பார்கள். 1967-இல் பத்தொன்பது வயதில் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரை முகாமில் மெட்ராஸ் சேப்பர்ஸில் சேர்ந்தார். பாலம் போடுவது, சாலை போடுவது, கண்ணிவெடி வைப்பது, எடுப்பது அவர்கள் வேலை. 71 போருக்குப் போய் வந்தவர். வீட்டில் அதற்கு ஒரு பதக்கமும் ஒரு போட்டோவும் உண்டு, பேச்சு கிடையாது. கேட்டால் "அதெல்லாம் ஆச்சு" என்று எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். சின்ன வயதில் எங்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

அது மே 10. மாலையில் சண்டை நிறுத்தம் என்று அறிவித்திருந்தார்கள், ஆனால் டி.வி. அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின இரவுகளில் ட்ரோன் வந்த இடங்களின் பெயரை வாசித்தார்கள். பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "சாம்பாவா சொன்னான்?" என்று கேட்டார். ஆமாங்க பெரியப்பா என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அக்கா மகன் வழக்கம்போல் அவரிடமும் போனில் சக்கரத்தைக் காட்டி, "தாத்தா, எண்பது வருஷத்துக்கு ஒருக்கா இது வந்தே தீருமாம்" என்றான். அவர் படத்தை வாங்கிப் பார்க்கவில்லை.

"சண்ட பதிமூணு நாள்டா. டிசம்பர் மூணு ஆரம்பிச்சு பதினாறுல முடிஞ்சுது. மைன் எடுக்க மாசக்கணக்கு." அப்படித்தான் தொடங்கினார். சாம்பா பக்கத்தில் எதிரி டாங்கி உள்ளே வராமல் இருக்க அவர்கள் கம்பெனியே கோதுமைக் காட்டில் கண்ணி புதைத்தது. போர் முடிந்ததும் வைத்தவர்களே எடுக்க வேண்டும். வைத்தபோது போட்ட வரைபடம் உண்டு, ஆனால் மழை பெய்தால் மண் நகரும், மண்ணோடு அதுவும் நகரும். வெள்ளை நாடா கட்டி, வரிசையாக மண்டிபோட்டு, கம்பியைச் சாய்வாகக் குத்திக்கொண்டே போவார்களாம். ஒரு நாளைக்கு இவ்வளவு அடி என்று கணக்கு இல்லை, கம்பி சொல்லும் அடிதான் கணக்கு.

நாடாவுக்கு வெளியே தினமும் விடிந்ததும் ஒரு பெரியவர் இரண்டு எருமையோடு வந்து உட்காருவார். அது அவர் நிலம். ஒன்றும் பேசமாட்டார், பார்த்துக்கொண்டே இருப்பார், மதியம் ரொட்டியைப் பிரித்துச் சாப்பிடுவார், சாயங்காலம் எருமையை ஓட்டிக்கொண்டு போவார். நாளாக நாளாகப் பெரியப்பாவின் பட்டாளத்து ஹிந்தியில் பழக்கமானார்கள். அவர் பிறந்த ஊர் சியால்கோட் பக்கம், 47-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். பனி இல்லாத நாளில் இங்கே நின்றாலே அந்தப் பக்கத்து மரங்கள் தெரியும், அதில் ஒன்றைக் காட்டி அதுதான் எங்கள் ஊர்க் கிணற்றடி என்பாராம். இந்த நிலத்தைக் கொத்திச் சரிசெய்து முடித்தபோது 65. குடும்பத்தோடு ஓடினார். திரும்பி வந்தார். 71-இல் மறுபடி ஓடினார்.

"அவங்க மேல கோவம் இல்லியான்னு கேட்டேன். எனக்கு அப்ப இருபத்திமூணு வயசு, கேக்கக்கூடாததெல்லாம் கேப்பேன். அவர் பதில் சொல்லல. நாளைக்கி எந்தப் பக்கமா எடுப்பீங்கன்னார்." பெரியப்பா சிரித்தார், அந்த ஒரு இடத்தில் மட்டும். அந்தக் காடு முடிந்த அன்றைக்கு, எடுத்தாகிவிட்டது, இறங்கலாம் என்று இவர்கள் சொன்னார்கள். பெரியவர் எருமையை அவிழ்க்கவில்லை. செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார். வெறுங்காலோடு தானே நிலத்தின் நான்கு மூலைக்கும் நடந்தார், நடுவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். திரும்பி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு அதன்பின்தான் எருமையை இறக்கினார். ஏன் இப்படி என்று இவர்கள் பதறிக் கேட்டதற்கு, "எருமை போனால் வாங்க என்னிடம் பணம் இல்லை" என்றாராம்.

அக்கா மகன் போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தான். பெரியப்பா அவனைப் பார்த்து, "அவருக்கு எண்பது வருஷமாடா? இருபத்திநாலு வருஷத்துல மூணு" என்று சொல்லிவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

அன்று இரவு நான் அந்த நாள்காட்டித் தாளை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதியிருந்தது எல்லாம் நாடுகளின் பெயர். இந்தியா நினைக்கிறது, ஜெர்மனி மறக்கிறது என்று, நாடு என்றால் ஒரே தலையும் ஒரே மனசும் உள்ள ஆள் மாதிரி. நினைவு இருந்த இடம் நாடாவுக்கு வெளியே எருமையோடு. முடிவு எடுக்கப்பட்ட இடம் அங்கிருந்து வெகுதூரத்தில். பாராமகாலிலும் அதேதான். காவேரிப்பட்டணத்துக் குடியானவனுக்கு நான்கு போரும் உடம்பில் இருந்தன, முடிவு ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் சென்னைக் கோட்டையிலும் இருந்தது. ஒரு தலைமுறை மறந்துபோவதால் போர் வருகிறது என்று நான் இரண்டு வருஷம் சொன்னேன். மறக்காதவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்பதில்லை. இந்த வருஷமும் பூஞ்ச்சில் வீட்டுமேல் குண்டு விழுந்தவர்களை நாம் மூன்று நாள் டி.வி.யில் பார்த்தோம், அவ்வளவுதான்.

வேலியோரத்து ஆட்கள்

இந்த யோசனையோடு பிரான்ஸ், ஜெர்மனி கதையை மறுபடி படித்தபோது முன்பு கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. 1950 மே 9-ஆம் தேதி இரண்டு நாட்டு நிலக்கரியையும் எஃகையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வைப்போம் என்று அறிவித்தவர் ராபர்ட் ஷூமான், பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர். அவர் லக்சம்பர்க்கில் பிறந்தவர், லொரேன் குடும்பம், பிறப்பால் ஜெர்மன் குடிமகன். முதல் உலகப் போருக்குப் பின் அல்சாஸும் லொரேனும் கைமாறியபோதுதான் பிரெஞ்சுக்காரர் ஆனார். ஜெர்மனியில் அதை ஏற்றுக்கொண்ட அடெனாவர் ரைன் நதிக்கரைக் கொலோன்காரர். இத்தாலியை அதில் சேர்த்த பிரதமர் தெ காஸ்பெரி திரெந்தினோக்காரர், 1911-இல் ஆஸ்திரிய நாடாளுமன்றத்தில் உறுப்பினராக உட்கார்ந்தவர். ஷூமானுக்கும் தெ காஸ்பெரிக்கும் நாடு அவர்கள் காலடியிலேயே மாறிப்போனது. சாம்பா பெரியவரைப் போன்ற ஆட்கள் மூன்று தலைநகரங்களில் ஒரே நேரத்தில் முடிவெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சான்று அது. 1870-க்கும் 1945-க்கும் இடையில் மூன்று முறை மோதிய நாடுகள் அதற்குப்பின் எண்பது ஆண்டாக மோதவில்லை. 1963-இல் எலிசே உடன்படிக்கை போட்ட கையோடு இரண்டு நாட்டுப் பிள்ளைகளையும் மாற்றி மாற்றி அனுப்ப ஒரு அலுவலகம் திறந்தார்கள், இன்றும் அது நடக்கிறது. சக்கரம் சுற்றும் என்று காத்திருக்கவில்லை.

இதையும் ஒரு சூத்திரமாக ஆக்கிக்கொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் நம் பக்கம் அது அவ்வளவு நேராக வரவில்லை. முஷாரஃப் டெல்லியில் பிறந்தவர், பிரிவினையில் பெயர்ந்தவர், கார்கிலை நடத்தியவர். மன்மோகன் சிங் இன்றைய பாகிஸ்தானில் உள்ள காஹ் கிராமத்தில் பிறந்தவர். இவர்கள் இரண்டு பேருடைய காலத்தில்தான் காஷ்மீர் பற்றி ரகசியமாக நீண்ட பேச்சு நடந்தது, பாதி வழி வந்ததாகச் சொல்கிறார்கள், பிறகு நின்றுபோனது. கார்கிலை நடத்திய அதே ஆள். வேலியோரத்தில் பிறந்தவன் எந்தப் பக்கமும் திரும்பலாம். அவன் என்ன விலை என்று தெரிந்து திரும்புவான், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது.

நாம் வேலியோரத்தில் இல்லை. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. 1799-க்குப் பிறகு தருமபுரி கிருஷ்ணகிரி மண்ணில் இரண்டு நாட்டுப் படை எதிரெதிராக நிற்கவில்லை. 226 வருஷம். நம் கடைசிப் போர் ஞாபகங்கள் எல்லாம் எப்போதோ வேடியப்பன் ஆகிவிட்டன. எங்கள் பக்கத்தில் எந்தக் காட்டோரத்திலும் ஒரு வேடியப்பன் கோயில் இருக்கும். பல இடங்களில் உள்ளே இருப்பது நடுகல். பக்கத்து ஊர்க்காரன் மாட்டை ஓட்டிப்போனபோது மீட்கப் போய்ச் செத்தவன். கல்வெட்டில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அதற்குப் பொங்கல் வைக்கிறோம், குதிரை செய்து வைக்கிறோம். செத்தவன் யார், கொன்றவன் யார், இரண்டு ஊரும் பிறகு என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. வலி போய்விட்டது, வில்லும் வாளும் மட்டும் கல்லில் நிற்கின்றன. ஔவை தொண்டைமான் அரண்மனைக்குப் போய் ஆயுதசாலையைப் பார்த்த பாட்டு எங்கள் ஊர்ப் பாட்டு. அதியமானுக்காகத் தூது போய்ச் சொன்னார்: இங்கே வேல்களெல்லாம் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளவென்று காவலில் இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. சின்ன வயதில் அதை அதியமானின் பெருமை என்று படித்தேன். இப்போது மே மாதத்து இரவுகளில் நாங்கள் போனில் பார்த்த படங்கள் எல்லாம் பீலி சூடிய வேலாகத் தெரிகின்றன. அவற்றில் சில வீடியோ கேமிலிருந்து எடுத்தவை என்று பிறகு தெரிந்தது. தெரிந்தபிறகும் பார்த்தவர்களுக்குள் எதுவும் மாறவில்லை.

ஆடியில் ஒருநாள் நல்ல மழை. மாங்காய் முடிந்து தோப்புக்குப் பக்கத்துக் கொல்லையில் ராகி விதைக்க உழுது போட்டிருந்தது. அக்கா மகன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். மே மாதத்துக்குப் பிறகு அவன் பெரியப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றைக்குத் திண்ணையில் காற்றில் முறிந்த குடை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தவர், அதிலிருந்து ஒரு கம்பியை உருவினார். ஒன்றும் சொல்லாமல் கொல்லையில் இறங்கி மண்டியிட்டார். அவன் பின்னாலேயே போனான். நானும் போனேன். ஈர மண்ணில் கம்பியைச் செங்குத்தாக வைத்து, "இப்படிக் குத்தினா மேல படும். மேல பட்டா போச்சு" என்றார். கம்பியைச் சாய்த்தார். "இப்படி. பக்கத்துல தொடணும். தொட்டா கைக்குத் தெரியும்." கம்பியை அவன் கையில் கொடுத்தார். அவன் வேட்டியை மடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் மண்டிபோட்டுக் குத்தினான்.

"ரொம்ப நேரா போவுது" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்த்தினார். "இன்னும் சாய்ச்சு. அவசரமில்ல."